சோதனைப் பதிப்புக்கு உதவி இல்லை

வேணி வேலை பார்த்த கம்பெனி பெரம்பலூரில் நாலு ரோட்டுக்குப் பக்கத்தில், ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் இருந்தது. மொத்தம் பன்னிரண்டு பேர். அரியலூரிலிருந்து தினமும் காலை பஸ்ஸில் போய், சாயங்காலம் திரும்புவாள். அந்தக் கம்பெனி கம்ப்யூட்டருக்கு ஓர் இயங்குதளம் செய்துகொண்டிருந்தது. சுவிட்சைப் போட்ட நொடியிலிருந்து அது தமிழில் பேசும். திரையில் இருப்பதை வாசிக்கும், தட்டுகிற எழுத்தைச் சொல்லும். பார்வையில்லாதவர்கள் யார் துணையும் இல்லாமல் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். 'செவிவழி' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

வேணியும் கம்ப்யூட்டர் படித்தவள்தான், ஆனால் அங்கே அவளுக்குக் கொடுத்த வேலை ஆள் சேர்ப்பது. முழுசாக முடியாத சோதனைப் பதிப்பைத் தங்கள் கம்ப்யூட்டரில் போட்டு ஓட்டிப் பார்த்து, எங்கே தடுக்குகிறது என்று சொல்லப் பார்வையில்லாதவர்கள் வேண்டும். அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டத்திலும் அலைந்து நாற்பத்து மூன்று பேரைச் சேர்த்தாள். யாருக்கும் சம்பளம் கிடையாது. பதினான்கு மாதம் அவர்கள் அந்த அரைகுறைப் பதிப்போடு மல்லுக்கட்டினார்கள்.

அவர்களில் லீலாவதி ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் டெலிபோன் ஆபரேட்டர். நாற்பத்தாறு வயது. பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது, வாய் மட்டும் இரண்டு பேருக்கு உண்டானது இருந்தது. முதல் வாரமே போன் செய்தாள்.

"வேணி, உன் மிஷினு பஸ்ஸுங்கறதைப் பல்லு வலிக்காரன் சொல்ற மாதிரி சொல்லுது. கோபால்னு எழுதியிருந்தா யாரோ தொண்டையில முள்ளு மாட்டுனாப்ல படிக்குது. ஒரு நாளைக்கு நூறு கோபாலுக்கு நான் லைன் குடுக்கணும். இதைத் திருத்த வழி இருக்கா இல்லியா?"

வழி இருந்தது. ஒவ்வொரு சொல்லாக எப்படி உச்சரிக்க வேண்டும் என்று பயன்படுத்துகிறவர்களே எழுதி அனுப்பலாம். லீலாவதி ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து எழுதினாள். ஊர்ப் பெயர், ஆள் பெயர், மருந்துப் பெயர், லாரிப் பெயர், சினிமா நடிகர்கள் பெயர் என்று மூவாயிரத்து இருநூறு சொற்கள்.

இன்னொருவர் தமிழழகன். உடையார்பாளையத்தில் வரலாற்று ஆசிரியர், வயது முப்பத்தாறு. பத்து வயதில் வந்த காய்ச்சலில் பார்வை போனது. முதுநிலை ஆசிரியர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். மனைவி சுமதி புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பாள். அவர் கேட்டு, யோசித்து, தன் வார்த்தையில் குறிப்பாகத் தட்டி வைத்துக்கொள்வார். பதினான்கு மாதத்தில் இந்திய வரலாறு, உலக வரலாறு, தமிழக வரலாறு என்று முப்பத்தெட்டு அலகுக்கு நோட்ஸ் சேர்ந்திருந்தது. எந்தக் கடையிலும் காசு கொடுத்து வாங்க முடியாத நோட்ஸ் அது.

சேரும்போது எல்லோரும் ஓர் ஒப்பந்தத்துக்குச் சம்மதம் சொல்ல வேண்டும். பன்னிரண்டு விதிகள். கம்பெனி அதைப் படமாக ஸ்கேன் செய்து அனுப்பியது. செவிவழியின் முதல் சோதனைப் பதிப்புக்குப் படத்தில் உள்ள எழுத்தை வாசிக்கத் தெரியாது. பார்வையில்லாதவர்களுக்கான ஒப்பந்தத்தைப் பார்வை உள்ளவர்கள் மட்டுமே படிக்கலாம் என்கிற நிலைமை. அதனால் வேணியே போனில் ஒவ்வொருவருக்கும் படித்துக் காட்டினாள்.

முதலில் படித்துக் காட்டியது செந்துறையைச் சேர்ந்த ஒரு பெரியவருக்கு. பன்னிரண்டையும் ஒழுங்காகத்தான் படித்தாள். பதினோராவது விதி, சோதனைப் பதிப்பிலிருந்து இறுதிப் பதிப்புக்கு நேரடியாக மாறும் வசதி தரப்படாது, சேமித்தவை அழிந்தால் நிறுவனம் பொறுப்பில்லை என்றது. பெரியவர் அதை இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "அப்படின்னா வேணாம்மா" என்று வைத்துவிட்டார்.

அடுத்த ஆளிலிருந்து வேணி பதினோராவது விதியைப் படிக்கவில்லை. பத்து முடிந்ததும் பன்னிரண்டுக்குத் தாவினாள். யாரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. தமிழழகன் மட்டும் தானாகவே கேட்டார்.

"மேடம், நாளைக்கு முழுசா முடிஞ்சது வந்துச்சுன்னா இதுலேர்ந்து அப்படியே அதுக்குப் போயிடலாமில்ல?"

"போயிடலாங்க சார். அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

சொன்னபோது அவள் அதை நம்பவும் செய்தாள். மாதக்கணக்கில் ஓசியில் உழைத்துத் தருகிறவர்களையே கடைசியில் வெளியே நிறுத்துவார்கள் என்று யார் நினைப்பார்கள்?

இறுதிப் பதிப்பு தயாரான வாரத்தில் மீட்டிங் நடந்தது. கம்பெனியைத் தொடங்கியவன் அசோக். முப்பத்தொரு வயது, சிரித்த முகம், யாரையும் மரியாதையாகத்தான் பேசுவான். சோதித்தவர்களின் கம்ப்யூட்டரை இறுதிப் பதிப்புக்கு மாற்ற என்ன ஏற்பாடு என்று வேணி கேட்டாள்.

"ஏற்பாடு ஒண்ணும் இல்லைங்க. துடைச்சிட்டுப் புதுசாப் போட்டுக்கணும்" என்றான் அசோக்.

"சார், பதினாலு மாசமா அதுலயே எல்லாம் வச்சிருக்காங்க."

"அது அவங்க பண்ணுன தப்பு. சோதனைப் பதிப்புல யாராவது முக்கியமானதை வைப்பாங்களா?" அவன் எழுந்து பலகையில் எழுதிக் காட்டினான். "இதுவரைக்கும் ஒன்பது சோதனைப் பதிப்பு விட்டிருக்கோம். நாலாவதுல பைல் இருக்கிற இடமே மாறுச்சு. ஏழாவதுல குரலையே மாத்துனோம். சில பேரு நடுவுல ரெண்டைத் தாவிட்டாங்க. நாப்பத்து மூணு மிஷினும் நாப்பத்து மூணு விதமா இருக்கு. மாத்தித் தர்றோம்னு வாயால சொல்லிட்டா, அது உடைஞ்சா நம்ம பொறுப்பு. சொல்லலைன்னா இல்ல. எல்லாத்தையும் சோதிச்சு முடிக்க மூணு மாசம் ஆகும். உலகத்துல பெரிய பெரிய கம்பெனியே இதைச் செய்யறதில்ல."

அவன் சொன்னது முழுப்பொய் இல்லை என்று அவளுக்குத் தெரியும். "கண்ணு தெரிஞ்சவங்களுக்கு அது சரி சார். இவங்க எப்படித் துடைப்பாங்க? எடுத்து வேற இடத்துல வைக்கிற கருவியே சோதனைப் பதிப்புல பேசாதே."

"பக்கத்துல யாரையாச்சும் கூப்பிட்டுக்கச் சொல்லுங்க."

அசோக்கின் தலைக்குப் பின்னால் சுவரில் கம்பெனியின் விளம்பரம் ஒட்டியிருந்தது. 'யார் துணையும் வேண்டாம்.' அறையில் யாரும் சிரிக்கவில்லை. யாருக்கும் அது உறைக்கவே இல்லை.

"சரி சார். அதையாவது இன்னிக்கே அவங்களுக்குச் சொல்லிடறேன்."

"அவசரப்படாதீங்க. ஞாயித்துக்கிழமை விழா இருக்கு. முப்பது பேரு மேடைக்கு வர்றாங்க. இப்பப் போயி இதைச் சொன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாங்க. போட்டோவே நல்லா வராது. திங்கக்கிழமை சொல்லிக்கலாம்."

அவள் தலையாட்டினாள்.

விழா துறையூர் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் இரண்டு வரிசை நாற்காலி போட்டு முப்பது பேரையும் உட்காரவைத்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்தி, கையில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். தொகுத்து வழங்கியவர், "இவர்களுக்குக் கண் இல்லை என்று யார் சொன்னது? இவர்கள்தான் நம் கண்கள்!" என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். கைதட்டல். போட்டோக்காரர் ஒவ்வொரு ஆளிடமும் போய்த் தாடையைப் பிடித்து கேமரா பக்கம் திருப்பினார். கடையில் பொம்மையைத் திருப்பி வைப்பது போலத் திருப்பினார். லீலாவதியின் தாடையைத் தொட்டதும் பக்கத்தில் மைக் இருப்பதைக்கூடப் பொருட்படுத்தாமல் அவள் சத்தம் போட்டாள்.

"யாருய்யா அது தாடையைத் தொடறது? இந்தப் பக்கம் திரும்புன்னு வாயால சொன்னா எனக்குக் கேக்காதா?"

கூட்டம் சிரித்தது. அசோக்கும் சிரித்தான். ஏதோ நிகழ்ச்சியில் சேர்த்து வைத்திருந்த நகைச்சுவைபோல அது போய்விட்டது.

பிறகு இறுதிப் பதிப்பைப் பேசவைத்துக் காட்டினார்கள். "உடையார்பாளையம் செல்லும் பஸ் கோபால் மெடிக்கல்ஸ் அருகே நிற்கும்" என்று அது வாசித்தது. அத்தனை சொல்லும் மணிமணியாக விழுந்தது. அசோக் மைக்கில், "இந்த உச்சரிப்பு எங்கள் பொறியாளர்களின் ஓராண்டு உழைப்பு" என்றான்.

மேடையிலிருந்து இறங்கிய லீலாவதி வேணியின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டாள். "அது என் பஸ்ஸுதானே? என் கோபாலுதானே?"

"ஆமாக்கா."

"பேரு சொல்லுவாங்கன்னு பாத்தேன். பரவால்ல வுடு. நல்லாத்தான் படிக்குது."

அந்த மூவாயிரத்து இருநூறு சொற்களையும் லீலாவதியின் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து வந்து இறுதிப் பதிப்பில் சேர்க்க ஒரு நாள்கூட ஆகவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் எடுப்பதற்கு வழி இருந்தது. இந்தப் பக்கத்திலிருந்து அவளுக்குக் கொடுப்பதற்குத்தான் வழி இல்லை.

சாப்பாட்டுப் பந்தியில் தமிழழகன் பக்கத்தில் வந்து நின்றார். தோளில் பொன்னாடை இன்னும் கிடந்தது. "மேடம், இன்னிக்கே போட்டுடலாமில்ல?"

இரண்டு அடி தள்ளி அசோக் யாருடனோ பேசிக்கொண்டு நின்றான்.

"ரெண்டு நாள் கழிச்சுப் போடுங்களேன் சார்."

"ஏங்க?"

"சும்மாதான். எல்லாரும் ஒரே நேரத்துல இறக்குவாங்க. நெட்டு மெதுவா இருக்கும்."

"அவ்வளவுதானே" என்று சிரித்தார் அவர்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் திறந்ததும் அவருடைய லேப்டாப்பே அவரிடம் சொன்னது: "புதிய பதிப்பு தயாராக உள்ளது. நிறுவ வேண்டுமா?" அவர் ஆம் என்று அழுத்தினார். பாதி வரைக்கும் சதவீதம் சொல்லிக்கொண்டே வந்தது. அறுபத்திரண்டு என்றது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

மறுநாள் வேணி ஆபீசுக்குள் நுழைந்தபோது புகார்கள் குவிந்திருந்தன. அசோக் ஒரு வாக்கியம் எழுதி வைத்திருந்தான். "சோதனைப் பதிப்புக்கு உதவி இல்லை. புதிதாக நிறுவிக்கொள்ளவும். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி." இதைத் தவிர ஒரு வார்த்தை கூடுதலாகப் போடக்கூடாது, போட்டால் பொறுப்பு நம் தலையில் வந்துவிடும் என்றான். புகார்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். வேணி அந்த வாக்கியத்தை ஒவ்வொன்றின் கீழும் ஒட்டினாள். இரண்டு நாளில் இருபத்தாறு முறை.

ஒரே எண்ணிலிருந்து ஐந்து முறை வந்திருந்தது. "பேசவில்லை. எந்தச் சத்தமும் இல்லை. என்ன செய்ய வேண்டும்?" என்றது முதலாவது. ஐந்தாவது, "தயவு செய்து யாராவது மனிதர் பதில் சொல்லவும்" என்றது. அதற்கும் அதே வாக்கியத்தை ஒட்டினாள். அந்த எண் யாருடையது என்று பார்க்க வேண்டுமானால் இன்னொரு பட்டியலைத் திறக்க வேண்டும். ஒரு நிமிட வேலை. அவள் திறக்கவில்லை. திறந்தால் யார் என்று தெரிந்துவிடும் என்பதால்தான் திறக்கவில்லை. இதை அவள் அன்றைக்கே அறிந்திருந்தாள்.

மூன்றாம் நாள் மதியம் லீலாவதி போன் செய்தாள். குரலில் வழக்கமான கேலி இல்லை.

"தமிழழகன் சார் லேப்டாப் ஊமையாப் போச்சாம். அவர் வீட்டம்மா போன்லேர்ந்து அஞ்சு தடவை எழுதியும் ஒரே பதிலாம். அந்தப் பதிலைப் போட்டது நீயா?"

"ஆமாக்கா."

"நீதானா. சரி. அவருக்குப் பரீட்சைக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு, தெரியுமில்ல?"

வேணி உடனே லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அரியலூர் வந்து, அங்கிருந்து ஜெயங்கொண்டம் பஸ் பிடித்தாள். சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக முன்னால் போக, பஸ் கைகாட்டி நிறுத்தம் வரைக்கும் ஊர்ந்தது. ஜன்னல் கம்பியெல்லாம் வெள்ளைத் தூசி. வழி முழுக்க அவள் ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டு போனாள். பாதியில் நின்றிருந்தால் பேசுகிற பகுதிதான் கெட்டிருக்கும், பைல்கள் அப்படியே உள்ளே இருக்கும். ஹார்ட் டிஸ்கைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டினால் எடுத்துவிடலாம். அதற்கு வேண்டிய கேபிள் பையில் இருந்தது.

சுமதிதான் கதவைத் திறந்தாள். "வாங்க" என்றாள். முகத்தில் அந்த வாங்க இல்லை.

தமிழழகன் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். லேப்டாப் மூடியிருந்தது.

"சார், நான் வேணி. எடுத்துடலாம் சார். உள்ள எல்லாம் பத்திரமா இருக்கும். ஒரு அரை மணி நேரம் குடுங்க."

"நேத்து ஜெயங்கொண்டத்துல ஒரு கடையில குடுத்தோம்" என்றாள் சுமதி. "நீங்க புதுசாப் போட்டுக்கங்கன்னுதானே பதில் அனுப்புனீங்க? அந்தப் பதிலைத்தான் கடைக்காரர்கிட்ட காட்டுனேன். துடைச்சிட்டுப் புதுசாப் போட்டுக் குடுத்துட்டார்."

வேணி கேபிளை எடுத்த கையோடு நின்றாள். பிறகு கேட்டாள், பார்க்கலாமா என்று. பார்த்தாள். கடைக்காரர் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தார். முழுதாகத் துடைத்து, மேலே எழுதி, வேறு ஓர் இயங்குதளத்தைப் போட்டிருந்தார். இரண்டு மணி நேரம் முயன்றாள். பழைய கடிதம் ஒன்றின் நாலு வரி கிடைத்தது. நோட்ஸில் ஒரு எழுத்துகூடக் கிடைக்கவில்லை.

அவள் லேப்டாப்பை மூடுகிற சத்தம் கேட்டதும் தமிழழகன் கேட்டார்.

"ஒப்பந்தத்தைச் சுமதி நேத்துப் படிச்சுக் காட்டுனா. பதினொண்ணாவது விதின்னு ஒண்ணு இருக்காம். நீங்க அன்னிக்குப் போன்ல படிச்சப்ப அது இருந்துச்சா?"

"இருந்துச்சு சார்."

"படிச்சீங்களா?"

"இல்ல சார்."

"மறந்துட்டீங்களா?"

மறந்துவிட்டேன் என்று சொல்ல அவர் ஒரு வழி திறந்து கொடுத்தது போல் இருந்தது. "இல்ல சார். முதல்ல ஒருத்தருக்குப் படிச்சேன், அவர் வேணாம்னுட்டார். அதனால மத்தவங்களுக்குப் படிக்கல."

அவர் முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டார். அவருக்கு அருவருப்பாக இருந்தது என்பது அவர் உதட்டிலேயே தெரிந்தது. "எனக்குப் படிச்சுக் காட்டுறவங்களை நான் நம்பித்தாங்க ஆகணும். வேற வழி கிடையாது. பேங்க்ல, பஸ் ஸ்டாண்டுல, ஆஸ்பத்திரியில, எங்கயும் அப்படித்தான். ஒரு வரியை வுட்டுட்டுப் படிக்கிறது எவ்வளவு சுளுவுன்னு உங்களுக்கு இப்பத் தெரியுதில்ல?"

சுமதி வாசல் வரைக்கும் வந்தாள். "ஒண்ணு கேக்கறேன். பழசுலேர்ந்து போகக்கூடாதுன்னா, போகலாமான்னு அந்த மிஷினே எதுக்குங்க அவர்கிட்ட கேட்டுச்சு? கேக்காம இருந்திருந்தா இவர் அழுத்தியிருக்க மாட்டாரே."

திரும்பி வரும் பஸ்ஸில் வேணி லேப்டாப்பைத் திறந்து, செவிவழியின் நிரலில் அதைத்தான் தேடினாள். சோதனைப் பதிப்பா என்று பார்த்து, ஆமாம் என்றால் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரியை ஒரு பொறியாளர் எழுதியும் வைத்திருந்தார். விழாவுக்கு முந்தின நாள் யாரோ அதை எடுத்திருந்தார்கள். பக்கத்தில் காரணமும் இருந்தது: 'இது இருந்தால், பதிவிறக்கியவர் எண்ணிக்கை குறைவாகத் தெரியும்.' எடுத்தவர் பெயர் அசோக்.

அவள் கண்டக்டரிடம் சொல்லி கைகாட்டியில் இறங்கினாள்.

அங்கிருந்து லீலாவதியின் குவார்ட்டர்ஸ் பக்கம்தான். நேராக அங்கே போனாள். நடந்ததை முழுக்கச் சொன்னாள், பதினோராவது விதி உட்பட. லீலாவதி கேட்டு முடித்து, "சீ" என்றாள். அது அசோக்குக்கா தனக்கா என்று வேணி கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் பொதுவாகத்தான் இருக்கும்.

"எனக்கு இன்னும் அந்தக் கேள்வி வந்துகிட்டேதான் இருக்கு. நான் அழுத்தலை" என்றாள் லீலாவதி. "இப்ப என்ன பண்ணப் போற?"

"மாத்துறதுக்கு ஒரு வழி எழுதலாம்னு இருக்கேன்கா. முதல்ல உங்க மிஷின்ல இருக்கிறதையெல்லாம் தனியா ஒரு டிஸ்க்ல காப்பி எடுத்துட்டு, அதுல சோதிக்கிறேன்."

"மறுபடியும் சோதனைக்கு நானா?" என்றாள் லீலாவதி. பிறகு நகர்ந்து நாற்காலியைக் காலி செய்தாள். "உக்காரு. ஆனா ஒண்ணு, நீ என்ன அழுத்தினாலும் வாயைத் திறந்து சொல்லிட்டு அழுத்து. ஒண்ணையும் வுடக்கூடாது."

பத்து நாள் லீவு எடுத்தாள். தினமும் காலையில் ரெட்டிபாளையம் போய், லீலாவதி ஷிப்டு முடித்து வரும்வரை எழுதினாள். லீலாவதி வந்ததும் கேட்டுப் பார்த்தாள். இரண்டு முறை குரல் செத்தது, மூன்றாவது முறை குரல் வந்தது, பைல் வரவில்லை. ஏழாம் நாள் எல்லாம் வந்தது. கேள்வியை அழுத்தி மாட்டிக்கொண்ட இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள். நல்ல வேளையாக அவர்கள் யாரும் கடைக்குப் போகவில்லை. ஐந்து பேர் வீட்டுக்கும் போய் மீட்டுக் கொடுத்தாள். மீதிப் பேருக்குப் படிப்படியாகக் குரலில் பதிவு செய்து அனுப்பினாள். போய்ச் சேர்ந்த இடங்களில் பெரும்பாலும் சரியாக ஓடியது. நாலு பேருக்கு ஓடவே இல்லை. பதிப்பைத் தாவிப் போட்டவர்கள் அவர்கள். அவர்களுக்குக் கையால் ஒவ்வொரு பைலாக எடுத்துவைத்துத் துடைத்துப் போட வேண்டியிருந்தது. அசோக் பலகையில் எழுதிக் காட்டியதில் அந்த அளவுக்கு உண்மை இருந்தது. அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மூன்று மாதம் என்றான். ஒரு பெண்ணும் ஒரு டெலிபோன் ஆபரேட்டரும் பத்து நாளில் செய்ய முடிந்தது. மீதியை அவர்கள் கையால் செய்தார்கள்.

பதினோராம் நாள் ஆபீஸ் போனபோது அசோக் எழுந்து வந்து கை கொடுத்தான்.

"பிரமாதம் வேணி! கேள்விப்பட்டேன். நம்ம வெப்சைட்லயே போட்டுடலாம். 'எங்கள் குடும்பத்தின் அன்புப் பரிசு'ன்னு தலைப்பு. கீழ சின்னதா ஒரு வரி, இதுக்குக் கம்பெனி பொறுப்பில்லைன்னு."

"நான் இங்க வேலை பாக்குற ஆள்தானே சார். கம்பெனி செஞ்சதுன்னே போடலாமே."

"அதான் சிக்கல். உங்க பேரு வந்தா கம்பெனி மாத்தித் தர்றதா ஆயிடும். லீலாவதி பேரைப் போடுவோம். பார்வையில்லாத ஒரு பெண், தானே எழுதுனதுன்னா நல்லா எடுபடும். விழா போட்டோ ஒண்ணு இருக்கு, சிரிச்ச மாதிரி."

அவன் இதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. உற்சாகமாகச் சொன்னான், கண்ணெல்லாம் மின்ன. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்தாள்.

"அந்த ரெண்டு வரியை எடுத்தது நீங்கதானே சார்?"

"எந்த ரெண்டு வரி?"

அவனுக்கு உண்மையிலேயே நினைவில்லை. வேணி தன் இடத்துக்குப் போய் ராஜினாமாக் கடிதம் எழுதினாள். அன்று மதியமே லீலாவதி ஆபீசுக்குப் போன் போட்டு, "என் பேரையோ மூஞ்சியையோ எங்கயாச்சும் போட்டீங்கன்னா மாடிப்படி ஏறி வந்து நின்னு கத்துவேன். எனக்கு வழி தெரியும்" என்றாளாம். போடவில்லை. வேணி எழுதிய வழியையும் போடவில்லை.

தமிழழகனுக்கு வேணி மூன்று முறை போன் செய்தாள். பரீட்சைவரை தினமும் வந்து வாசித்துக் காட்டுகிறேன் என்றாள். சுமதி இருக்கிறாள், போதும் என்று சொல்லிவிட்டார். பழைய நோட்ஸ் இல்லாமலே, நினைவில் இருந்ததை வைத்துக்கொண்டு அரியலூரில் போய்த் தேர்வு எழுதினார்.

வேணிக்கு அரியலூரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் பெயரைப் பதிகிற வேலை கிடைத்தது. தேர்வு முடிவு வந்த அன்று வேலை நடுவில் அவளே தமிழழகனைக் கூப்பிட்டாள்.

"நாலு மார்க்குல போச்சுங்க" என்றார்.

"சார்..."

"இருங்க, சொல்லிடறேன். அந்த நாலு மார்க்கு அந்த நோட்ஸ்ல இருந்திருக்குமான்னு எனக்குத் தெரியாது. இருந்தும் நான் கோட்டை விட்டிருக்கலாம். இனிமே அதை யாராலும் தெரிஞ்சுக்க முடியாது. அப்படிப் பண்ணிட்டீங்க." கோபமாகச் சொல்லவில்லை, வகுப்பில் பாடம் சொல்கிற குரல்தான். "அடுத்த வருசம் எழுதுவேன். நீங்க இனிமே போன் பண்ண வேணாங்க."

வைத்துவிட்டார்.

வேணி போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மாள், கையில் காய்ச்சல் குழந்தையோடு, ரொம்ப நேரமாக நின்றுகொண்டிருந்தாள்.

"பேரு எழுதுறீங்களாம்மா?"

"சொல்லுங்க" என்றாள் வேணி.